காரின் ரேடியேட்டரும் கூலிங் சிஸ்டமும்: வீட்டிலேயே பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

காரின் கூலிங் சிஸ்டம் முழுக்க மூடிய அமைப்பு. அதில் ஊற்றிய கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சும்மா குறையாது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே சொட்டலாம், சூட்டில் ஆவியாகிப் போகலாம், அதுவும் இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளேயே புகுந்து எரியலாம். மட்டம் குறைந்ததைப் பார்த்ததும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டு, சரி முடிந்தது என்று பானெட்டை மூடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. நல்ல இன்ஜின்கள் கெட்டுப்போக இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். கூலிங் சிஸ்டம் பெரும்பாலும் திடீரென்று கைவிடுவதில்லை, பல வாரங்களுக்கு முன்பிருந்தே சின்னச் சின்ன அடையாளங்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். அவற்றை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

உள்ளே என்ன நடக்கிறது

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது, மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமந்துகொண்டு போய் வெளியே தள்ள வேண்டும்.

வழி இதுதான். வாட்டர் பம்ப் கூலன்ட்டை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது, அங்கிருந்து அது பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டுக்குப் போகிறது, பிறகு சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். அதனால் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றி, இன்ஜின் சீக்கிரம் சூடாக உதவும். கார்களைப் பொறுத்து 82 முதல் 95 டிகிரிக்குள் ஏதோ ஒரு புள்ளியில் அது திறக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் சூடான கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குள் போய், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்.

இதில் ரேடியேட்டரின் அல்லது கூலன்ட் டாங்கின் மூடிக்குப் பலரும் மதிப்புக் கொடுப்பதில்லை. அது வெறும் மூடி கிடையாது, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. குக்கர் மாதிரிதான், அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த கலவையாக இருந்தால் அதே அழுத்தத்தில் 125 டிகிரிக்கு மேலேயும் தாங்கும். மூடியின் ரப்பர் கெட்டுப்போய் அழுத்தம் நிற்கவில்லை என்றால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், மற்றதெல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி கொதிக்கும்.

கை வைக்கும் முன்

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகினால் ஒன்றும் ஆகாது என்பவர்களை நம்பாதீர்கள். அழுத்தம் விட்ட அந்த நொடியிலேயே உள்ளே இருக்கும் 100 டிகிரிக்கு மேற்பட்ட திரவம் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும், அந்தத் தீக்காயம் மிகக் கொடியது. மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடும் விறைப்பும் இல்லாமல் இருந்தால் மட்டும் மூடியைத் தொடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

இரண்டாவது, எலக்ட்ரிக் ஃபேன். சாவியை எடுத்த பிறகும் பல கார்களில் அது தானாகச் சுழல ஆரம்பிக்கும். ஃபேன் பக்கம் கை போகிற வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவதை நான் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். குழந்தைகளும் நாய், பூனைகளும் நக்கிவிடும் ஆபத்து நிஜமானது, கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தரையில் சிந்தியதை உடனே துடைத்துக் கழுவுங்கள். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மிஞ்சியதை ஒருபோதும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம்

உங்கள் காரில் எந்த வகைக் கூலன்ட் டாங்க் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில கார்களில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டாங்க் வழிந்ததைச் சேர்த்து வைக்கும் சாதாரண டாங்க்தான், அதில் அழுத்தம் இருக்காது. வேறு கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டாங்க்கே அழுத்தத்தோடு இருக்கும். முதல் வகையில் டாங்க் நிறைய இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் மூடியின் வால்வோ நடுவில் இருக்கும் சிறு ஹோஸோ கெட்டிருந்தால் டாங்கில் இருப்பது திரும்ப உள்ளே போகாது. அதனால் அந்த வகைக் காரில் எப்போதாவது இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும், விளிம்பு வரை திரவம் தெரிய வேண்டும்.

மட்டத்தைச் சமதரையில், இன்ஜின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும், மேல் கோட்டுக்கு மேலே ஊற்றி நிரப்புவதால் எந்தப் பயனும் இல்லை, சூடானதும் விரிந்து வழியத்தான் செய்யும். இன்றைய மட்டத்தை ஒரு மார்க்கரால் டாங்கின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். குறைகிறதா என்ற கேள்விக்கு ஊகத்தில் பதில் தேட வேண்டாம், அடுத்த மாதம் அந்தக் கோடே சொல்லிவிடும்.

நிறத்தையும் பாருங்கள். தெளிவாக, எந்த நிறத்தில் ஊற்றினீர்களோ அந்த நிறத்திலேயே இருந்தால் நல்லது. துருப் பழுப்பு என்றால் உள்ளே அரிப்பு நடக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ கலக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டக் கூடாது.

அப்புறம், வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது சுத்தமான தண்ணீர், நிறமோ மணமோ இருக்காது, அதற்குக் கவலைப்பட வேண்டாம். கூலன்ட் நிறமாக, தொட்டால் வழவழப்பாக, லேசான இனிப்பு மணத்தோடு இருக்கும்.

எந்த கூலன்ட் ஊற்றுவது

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம், அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. இரண்டு நிறுவனங்களின் சிவப்பு கூலன்ட்டுகள் வேறு வேறு வேதியியலாக இருக்கலாம். பார்க்க வேண்டியது அரிப்புத் தடுப்பு வகையை. பழைய வகை ஐ.ஏ.டி., இதில் சிலிக்கேட் போன்ற கனிமத் தடுப்பான்கள் இருக்கும், சுமார் 2 ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். ஓ.ஏ.டி. வகை கரிம அமிலங்களால் ஆனது, பொதுவாக 5 ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தவை எச்.ஓ.ஏ.டி. எனப்படும். உங்கள் காரின் கையேட்டில் எந்த வகை, எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். அதுதான் கடைசி வார்த்தை, கடைக்காரர் சொல்வதோ நான் சொல்வதோ அல்ல.

வகைகளைக் கலக்க வேண்டாம். கலந்தால் உடனே வெடித்துவிடாது, ஆனால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுத்து ஆயுள் குறையும், சில சேர்க்கைகளில் திரிந்து கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பழைய கார் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? முழுக்க வடித்துக் கழுவிவிட்டுச் சரியான வகையைப் புதிதாக ஊற்றுங்கள், அதோடு குழப்பம் தீர்ந்தது.

தண்ணீர் கலக்காத கெட்டியான கூலன்ட்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கிளைக்கால் அதில் பின்தங்கியது. கிளைக்காலின் வேலை கொதிநிலையை ஏற்றுவது, உறைநிலையை இறக்குவது, தடுப்பான்களைச் சுமப்பது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், பாதிப் பாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் 50-க்கு 50 என்கிறார்கள். பனி விழாத ஊரிலும் இந்த அளவை மிகவும் குறைக்காதீர்கள், தண்ணீர் அதிகமானால் அரிப்புத் தடுப்பும் அதே அளவுக்கு நீர்த்துப்போகும்.

ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை, டப்பாவைப் படித்துப் பாருங்கள். கெட்டியானதை வாங்கினால் கலக்க வேண்டியது காய்ச்சி வடித்த நீர் அல்லது தாது நீக்கிய நீர் மட்டும். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து குழாய்களின் உள்சுவரில் உப்புப் படிவாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஒருமுறை கட்டிவிட்டால் எடுப்பதும் கஷ்டம். அதிலிருக்கும் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

கூலன்ட் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் தேவை, ஒன்று போதாது. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் கிளைக்கால் அளவும் உறைநிலையும் தெரியும். ஆனால் கிளைக்கால் இருக்கிறது என்பதற்காகத் தடுப்பான்களும் உயிரோடு இருக்கின்றன என்று சொல்ல முடியாது, அதற்கு நிறம் மாறும் சோதனைப் பட்டை வேண்டும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைக் கூலன்ட்டுக்குள்ளும், உலோகத்தைத் தொடாமல், வைத்துப் பார்க்கலாம். சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது எங்கேயோ எர்த் வயர் சரியில்லை. இது தோராயமான சோதனைதான், ஆனால் பயனுள்ளது.

ரேடியேட்டரின் வெளிப்பக்கம்

ஏசி உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால், பார்க்க அதே மாதிரி இருக்கும் ஏசி கண்டென்சர் இருக்கும். முன்னாலிருந்து பார்ப்பவர் கண்டென்சரைத்தான் பார்க்கிறார், சுத்தமாக இருக்கிறதே என்று போய்விடுகிறார். குப்பை சேர்வது இரண்டுக்கும் நடுவே இருக்கும் விரலிடுக்கு இடைவெளியில். பூச்சி, இலைத்துணுக்கு, பஞ்சு, தூசி எல்லாம் அங்கே கம்பளி மாதிரி படிந்து காற்றை மறித்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள், மங்கலாகவோ திட்டுத்திட்டாகவோ தெரிந்தால் கழுவ வேண்டும்.

இன்ஜின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸ் தண்ணீரை, முடிந்தவரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். குப்பை வந்த வழியே திரும்பிப் போகும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடிக்காதீர்கள், தகடுகள் காகிதக் கனம்தான், ஒரு வீச்சில் மடங்கிப் படுத்துவிடும். மடங்கியவற்றை மெல்லிய தட்டையான பிளாஸ்டிக்கால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம், பொறுமை வேண்டும்.

இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பில் ரப்பர் கேஸ்கெட் இருக்கும். பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்து, அந்த மடிப்பு ஓரமாக மயிரிழை விரிசல் விடும். சொட்டுவது தெரியாது, ஏனென்றால் கசிவது உடனே காய்ந்துவிடும். மடிப்பு ஓரத்தில் வெள்ளையாக அல்லது கூலன்ட் நிறத்தில் பொருக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் சுரண்டினால் உதிரும். அது தெரிந்தால் அந்த ரேடியேட்டருக்கு நாள் எண்ண ஆரம்பியுங்கள், பிளாஸ்டிக் விரிசலைப் பசை போட்டு ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹோஸ், கிளாம்ப், மூடி, வாட்டர் பம்ப்

ஹோஸ்களைச் சும்மா பார்த்தால் போதாது, அழுத்த வேண்டும். ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது, அதுவும் முனைகளில். நடுவில் ஒருமுறை, கிளாம்ப்பை ஒட்டி ஒருமுறை அழுத்துங்கள். முனை மட்டும் தளர்ந்து கொழகொழவென்று இருந்தாலோ, அழுத்தும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ, கிளாம்ப் ஓரம் வீங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் கண்ணுக்குத் தெரியும், ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஹோஸ் வயதாகிக் கெட்டது என்றால் அதே வயது ஹோஸ்கள் எல்லாமே வரிசையில் நிற்கின்றன, மொத்தமாக மாற்றுவது நல்லது.

கம்பெனியில் போட்டுவரும் ஸ்பிரிங் கிளாம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளாம்ப் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு ஸ்பிரிங் கிளாம்ப்தான் பிடிக்கும், ரப்பர் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே விரிந்து சுருங்கும். ஸ்க்ரூ கிளாம்ப் போட்டால் அளவுக்கு மீறி முறுக்காதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும்.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையத்தில் வெடிப்போ ஆழமான தழும்போ இருந்தால் புதிது வாங்குங்கள், மூடி மேல் 0.9, 1.1 (பார்) என்று அச்சிட்டிருக்கும் அதே அழுத்த அளவில். நடுவில் ஒரு குட்டி வால்வு இருக்கும், இன்ஜின் ஆறும்போது டாங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். இதைப் பார்த்துவிட்டு ஹோஸை மாற்றுகிறவர்கள் உண்டு, மாற்ற வேண்டியது மூடியை.

வாட்டர் பம்ப்பில் ஷாஃப்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கீழே காய்ந்த கோடு இறங்கியிருந்தால் பம்ப் போகப்போகிறது. ஓட்டையை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் காரில் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றுகிறது என்றால், பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே கழற்றல் வேலைதான்.

ஃபேன்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். அப்படியே ஏசி இல்லாமல் ஐட்லிங்கில் விட்டு, டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் கேஜின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாக வந்து போகிறதா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்). அதே அளவு ரிலே வேறு ஏதாவது வேலைக்கு அதே பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி உள்ளே கருகியோ உருகியோ இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். சிக்னலில், நெரிசலில் ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறதா? ஃபேனைப் பாருங்கள். நெரிசலில் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, பலவீனமான பம்ப், குறைந்த கூலன்ட் ஆகியவற்றில் ஒன்று. முள் மேலும் கீழும் ஆடுகிறது, ஹீட்டர் போட்டால் ஒரு நேரம் சூடு, ஒரு நேரம் குளிர் என்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுவுக்கு வரவே இல்லை, எரிபொருளும் கூடுதலாகப் போகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே சிவப்புக்குப் போய், கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் மூடியபடி மாட்டிக்கொண்டது. சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறும்போது முழுக்க மூட வேண்டும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி வேறு வகையில் தேயும்.

கூலன்ட் மாற்றுவது, படிப்படியாக

வேண்டியவை: சரியான கூலன்ட், காய்ச்சி வடித்த நீர் தாராளமாக, அகலமான தட்டு, அளவு போட்ட வாளி, புனல், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. காருக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம், வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து எழுதி வையுங்கள்.

முழுக்க ஆறிய வண்டியில் ஹீட்டர் குமிழை அதிகச் சூட்டில் வையுங்கள், சில கார்களில் அப்போதுதான் ஹீட்டர் வழி திறக்கும். மூடியைத் திறந்துவிட்டு, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கையாலேயே தளர்த்துங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக், சீக்கிரம் உடையும். திருகே இல்லாத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும், அப்போது மொத்தமாகக் கொட்டும், தட்டைச் சரியாக வையுங்கள். வடிந்ததை வாளியில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். இந்த எண் பின்னால் வேண்டும்.

பழைய கூலன்ட் தெளிவாக இருந்தால், வகையும் அதேதான் என்றால், திருகை மூடிவிட்டு நேராகப் புதுக் கலவையை ஊற்றிவிடலாம். அடுத்த முறை சரியான நேரத்தில் மாற்றினால் போதும். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் கழுவ வேண்டும். காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை காத்திருந்து, அணைத்து, மறுபடி முழுக்க ஆறவிட்டு வடியுங்கள். வருவது தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு நாளில் முடியாது, அவசரப்படாதீர்கள்.

இப்போதுதான் பலர் கோட்டைவிடுகிற கணக்கு. ரேடியேட்டரை வடித்தாலும் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் திரவம் தங்கிவிடும். கொள்ளளவு 6 லிட்டர், வடிந்தது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுவிய பிறகு உள்ளே 2.5 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. இதன் மேல் பாதிப் பாதிக் கலவையை 3.5 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைக்கால் 1.75 லிட்டர்தான், அதாவது 30 சதவீதத்துக்கும் குறைவு. வேண்டியது 3 லிட்டர். ஆகவே முதலில் கெட்டியான கூலன்ட் 3 லிட்டரை ஊற்றி, மீதி அரை லிட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீரால் கழுவினால் கெட்டியான கூலன்ட்தான் வாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஊற்றுவதை மெதுவாகச் செய்யுங்கள், வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் காற்று மூடியைத் தேடி மேலே வரும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று சீராகத் திரவம் வரும்போது மூடுங்கள். அப்புறம் ஹீட்டர் முழுச் சூட்டில், புளோவர் குறைவான வேகத்தில், மூடி திறந்தபடி இன்ஜினை ஓடவிடுங்கள். மூடி திறந்திருப்பதால் திரவம் பொங்கலாம், முகத்தை அதற்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். கையுறையோடு மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டால் குமிழிகள் வரும். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றுங்கள். உள்ளே ஹீட்டர் காற்று நல்ல சூடாக வர வேண்டும், ஃபேன் இரண்டு முறை வந்து போக வேண்டும், குமிழி நிற்க வேண்டும். மூன்றும் ஆனதும் மூடியைப் போட்டு, ஆறவிடுங்கள். அடுத்த சில நாட்கள் காலையில் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் குறைந்தால் அது மிச்சக் காற்று வெளியேறியதால்தான்.

சில புதிய கார்களில் எலக்ட்ரிக் பம்ப்பை ஸ்கேன் கருவியால் ஓட்டித்தான் காற்றை எடுக்க முடியும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனிச் சுற்று இருக்கும், சிலவற்றில் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி வகைக் கூலன்ட். மட்டம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மற்றதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடி போட்ட கேனில், பெயர் எழுதி, கழிவு எண்ணெய் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

குறைகிறது, ஆனால் எங்கும் சொட்டவில்லை

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். முன்சீட் கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரமாக, இனிப்பு மணத்தோடு, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. அதுவும் இல்லையென்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, இன்ஜின் ஓடும்போது டாங்கில் ஓயாத குமிழி, ஸ்டார்ட் செய்த உடனே ஹோஸ் கல்லாக விறைப்பது, இவையெல்லாம் கூலன்ட் சிலிண்டருக்குள்ளோ, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள்ளோ நுழைவதன் அடையாளம். ஆயில் மூடிக்கு அடியில் வெளிர் நிறப் பசை இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் அது வரும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே பசை என்றால் விஷயம் வேறு. மெக்கானிக்கிடம் ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது, டாங்கின் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிரஷர் டெஸ்டர் வைத்து ஆறிய இன்ஜினில் அழுத்தம் ஏற்றினால் ஒளிந்திருக்கும் கசிவும் வெளியே வந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சில கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே உடைந்தால் இரண்டும் கலந்து டாங்கில் இளஞ்சிவப்பு நுரை தெரியும். அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கியர்பாக்ஸே போய்விடும்.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் விற்கிறார்கள். நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது தவிர நான் பரிந்துரைக்க மாட்டேன், அது ஓட்டையை மட்டும் தேடிப் பிடித்து அடைப்பதில்லை, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

வழியில் முள் ஏறினால்

ஏசியை உடனே அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள், உள்ளே தாங்க முடியாத சூடாக இருக்கும், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜினிலிருந்து கொஞ்சம் சூட்டை எடுத்துவிடும். பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். முள் சிவப்பிலோ சிவப்பு விளக்கு எரிந்தோ இருக்கும்போது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதற்கு நிறைய தூரம் தேவையில்லை.

ஆவி வந்தால் பானெட்டைத் திறக்காமல் அது அடங்கும் வரை தள்ளி நில்லுங்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல். இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், காலியான சூட்டு இன்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீரும் விடாதீர்கள், உலோகம் விரிசல் விடலாம். முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கூலன்ட் இருந்தால் அது, இல்லையென்றால் கையிலிருக்கும் சுத்தமான தண்ணீர், மெதுவாக ஊற்றலாம். அவசரத்துக்கு ஊற்றிய தண்ணீரைப் பிறகு வடித்துச் சரியான கலவையை ஊற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் கிழிந்திருந்தாலோ, ஊற்ற ஊற்றக் கீழே போய்க்கொண்டே இருந்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

முள் நடுவில் நிற்பதை வைத்தும் ஏமாந்துவிடாதீர்கள். பல கார்களில் இன்ஜின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள், அது நகர ஆரம்பித்தபோதே வெப்பம் கணிசமாக ஏறியிருக்கும். இன்னொன்று, கூலன்ட் மொத்தமாகக் கொட்டிப்போனால் சென்சார் திரவத்தைத் தொடாமல் வெறும் காற்றில் நிற்கும், அப்போது முள் கீழே இறங்கிக்கூடக் காட்டும். ஆவி வந்த வண்டியில் முள் இறங்கிவிட்டது என்றால் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், டாங்கைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்தால் இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.